கோடியக்கரையில் நீர்ப்பறவை எண்ணுவது எப்படி: ஓர் உப்பளக் கணக்குப்பிள்ளையின் குறிப்புகள்

பறவையை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம், முதலில் தண்ணீரை எழுதுங்கள். கோடியக்கரைக்குப் புதிதாகப் பறவை எண்ண வருகிறவர்களிடம் நான் எடுத்தவுடன் சொல்வது இதைத்தான். பாதிப் பேர் தலையாட்டிவிட்டுத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மாலையில் திரும்பி வந்து, "போன வருஷம் இங்கே ஆயிரக்கணக்கில் இருந்ததாம், இப்போது ஒன்றுமே இல்லையே" என்பார்கள். போன வருஷம் அதே இடத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்டால் பதில் இருக்காது.

நான் ஆய்வாளன் இல்லை. வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். அளத்து வரப்பில் நிற்கும் உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைகளை வேலை நேரத்திலேயே எண்ண ஆரம்பித்து, ஓய்வுக்குப் பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. கணக்குப்பிள்ளை புத்தி என்று ஒன்று உண்டு. இருப்பு குறைந்திருந்தால், மழையில் கரைந்ததா, அளவு தப்பா, ஆள் எடுத்தானா என்று தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டான். பறவைக் கணக்குக்கும் அந்தப் புத்திதான் வேண்டும்.

இந்தச் சதுப்பு அப்படிப்பட்டது. கோடியக்கரை முனையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீண்டு கிடக்கும் தட்டையான நிலம். காடு, சதுப்பு, அளம், அலையாத்தி எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேரை 2002இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலில், சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுதான். தரை தட்டையாக இருப்பதால், தண்ணீர் ஒரு சாண் ஏறினாலே சேற்றுத்தரை பல கிலோமீட்டருக்கு மூழ்கிப்போகும். கொசு உள்ளானுக்குக் கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர்தான் தோது. அதற்கு மேல் போனால் அது வேறு இடம் பார்த்துக் கிளம்பிவிடும். பூநாரையோ நம் முழங்காலளவு தண்ணீரிலும் தலையை உள்ளே விட்டு மேயும். ஆக, ஒரே இடத்தில் ஒரே வாரத்தில் உள்ளான் "குறையும்", பூநாரை "கூடும்". உண்மையில் எதுவும் அழியவும் இல்லை, பெருகவும் இல்லை, தண்ணீர்தான் ஏறியிருக்கிறது.

தண்ணீரை எழுதுவது எப்படி?

சென்டிமீட்டர் கோடு வரைந்த ஒரு குச்சியை நீங்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே, வனத்துறையிடம் சொல்லிவிட்டு, ஊன்றிவிடுங்கள். பழைய மின்கம்பமோ மதகுச் சுவரோ இருந்தால் அதில் பெயின்டால் கோடு போட்டாலும் போதும். ஒவ்வொரு முறையும் அந்த அளவைக் குறியுங்கள். அடுத்து, கண்ணுக்குத் தெரியும் பரப்பில் சேறு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, காய்ந்து வெடித்த தரை எவ்வளவு என்று கால், அரை, முக்கால் கணக்கில் எழுதுங்கள். காற்றின் திசையும் வேண்டும். பாக் நீரிணையில் ஓதம் அதிகம் ஏறி இறங்குவதில்லை. வெளியூர்க்காரர்கள் ஓத அட்டவணையைப் பதிவிறக்கிக்கொண்டு வந்து ஏமாறுவார்கள். இங்கே காற்றுதான் பெரிய ஆள். வாடை பிடித்து அடித்தால் ஒரே நாளில் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் ஒதுங்கிவிடும், பறவையும் கூடவே ஒதுங்கும்.

நான்காவது, உப்பு. அளக்காரர்களுக்கு இது கைவந்த கலை. "எத்தனை டிகிரிண்ணே?" என்று கேட்டால் பாத்தியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், சந்தேகம் வந்தால்தான் மானியை மிதக்கவிடுவார்கள். அது பாமே அளவு, தண்ணீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்று காட்டுவது. கடல் தண்ணீர் 3 டிகிரியை ஒட்டி இருக்கும், 25ஐத் தொட்டால் உப்பு உறையும். உறையும் பாத்தியில் பறவைக்கு வேலை இல்லை, வரப்பில் வந்து ஓய்வெடுக்கும், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் தேக்கங்களில்தான் ஆர்ட்டீமியா என்கிற சின்ன இறால் பெருகும். அதைத் தின்னப் பூநாரையும் உள்ளானும் கூடும். மானி வாங்க வசதி இல்லாவிட்டால், பம்ப் ஓடுகிறதா, மதகு திறந்திருக்கிறதா என்பதையாவது எழுதுங்கள். அளத்துக்குக் கடல் தண்ணீர் ஏற்றுகிற நாளும் மழைத்தண்ணீரை வெளியேற்றுகிற நாளும் பறவைக் கணக்கில் தெரியும்.

இடம், அனுமதி, சாமான்

மொத்தச் சதுப்பையும் ஒரு ஆளோ ஒரு குழுவோ எண்ண முடியாது. அதனால் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்வதே முறை. மழை மாதத்திலும் போய்ச் சேரக்கூடிய இடமாகப் பாருங்கள். டிசம்பரில் போக முடியாத இடத்தை ஆகஸ்டில் தேர்ந்தெடுத்தால் கணக்கில் ஓட்டை விழும். பறவை அதிகம் உள்ள இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி எடுத்தால் கணக்கு இறங்கத்தான் செய்யும், ஏறுவதற்கு வழியே இருக்காது. சுமாரான இடம் ஒன்று, பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும் இடம் ஒன்று, அளத்து வரப்பு ஒன்று, காட்டுக்குள் மழைக்கு நிரம்பும் நன்னீர்க் குளம் ஒன்று என்று கலந்து வையுங்கள். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால், பறவை இல்லையா, ஆள் போகவில்லையா என்பது பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவருக்குத் தெரியாது.

இது சரணாலயம். சதுப்புக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும், அளத்துக்குள் போக அளத்துக்காரர் அனுமதி வேண்டும். வாங்கிக்கொண்டு போங்கள். சேற்றில் தனியாக இறங்கவே கூடாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும் தரைக்குக் கீழே உளை இருக்கும், காலை இழுத்தால் செருப்பு உள்ளேயே நின்றுவிடும். வரப்பிலிருந்தே எண்ண முடிகிற இடமானால் வரப்பிலேயே இருங்கள்.

8x42 இருவிழி தொலைநோக்கி ஒன்று போதும் என்று தொடங்கலாம். ஆனால் சதுப்பில் தூரம் அதிகம் என்பதால், 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் ஒன்று குழுவுக்கு ஒன்றாவது தேவைப்படும். முக்காலி கனமானதாக இருக்கட்டும். வாடைக்காற்றில் இலேசான முக்காலி ஆடி, எண்ணிய எண்ணிக்கை எல்லாம் மறந்துபோகும். கையில் அழுத்துகிற எண்ணும் கருவி, பென்சில், கோடுபோட்ட நோட்டு. பேனா வேண்டாம், பனியில் மை பரவும்.

சதுப்பு நமக்கு மேற்கே விரிவதால், காலை வெயில் முதுகுக்குப் பின்னால் விழும். அது பெரிய வரம், மாலையில் போனால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். விடிந்த கையோடு தொடங்கி, கானல் எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் ஸ்கோப்பில் பறவையின் கால் நெளியும், அலகு நெளியும், கற்பனைதான் மிஞ்சும். அந்த நேரத்தில் அடையாளம் கண்ட அபூர்வப் பறவைகளை நான் நம்புவதில்லை, யார் சொன்னாலும் சரி.

மாதக் கணக்கு

ஜனவரியில் ஒருமுறை எண்ணிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. 1987இல் தொடங்கியது, இன்றும் தொடர்கிறது. பல நாடுகளில் ஒரே சமயத்தில் எண்ணுவதால் அதற்குத் தனி மதிப்பு. ஆனால் வலசை என்பது ஓட்டம். ஓடுவதை வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்? மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையும் மார்ச், ஏப்ரலிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் இன்னும் நல்லது.

ஆகஸ்டில் முதலில் வந்து இறங்குவது வயது வந்த பறவைகள். சைபீரியாவின் வட கோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் வளைமூக்கு உள்ளான்களில் சிலவற்றின் மார்பில் அப்போதும் செங்கல் நிறம் மிச்சமிருக்கும். அந்தந்த வருஷம் பிறந்த குஞ்சுகள் பின்னால்தான் வரும், வழிகாட்ட அப்பன் ஆத்தாள் இல்லாமல், தாமாகவே. செப்டம்பர், அக்டோபரில் முதுகையும் சிறகு மூடும் இறகுகளையும் கவனியுங்கள். ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய ஓரம் ஒழுங்காகத் தைத்த மாதிரி தெரிந்தால் அது இளம்பறவை. வயது வந்ததன் இறகு தேய்ந்து, பழையதும் புதியதுமாகக் கலந்திருக்கும். கூட்டத்தில் கிட்டத்தில் தெரியும் நூறு பறவைகளைப் பார்த்து அதில் எத்தனை இளசு என்று தனியாக எழுதுங்கள்.

இந்த ஒரு எண்ணுக்காகத்தான் நான் செப்டம்பர் வெயிலில் நிற்கிறேன். ஆர்க்டிக் நிலத்தில் லெம்மிங் என்கிற சின்னக் கொறித்துண்ணி பெருகும் வருஷங்களில் நரிகள் அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும். லெம்மிங் அற்றுப்போகும் வருஷம் உள்ளானின் முட்டையையும் குஞ்சையும் தேடி வரும். அந்த வருஷம் நம் சேற்றில் இளம்பறவை குறைவாக இருக்கும். மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்திருக்கிறவர் கோடியக்கரை கெட்டுப்போய்விட்டது என்பார். இளசு விகிதத்தை எழுதி வைத்திருக்கிறவருக்குத்தான், கோளாறு இங்கேயா அங்கேயா என்று யோசிக்கவாவது வழி இருக்கும்.

அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழை. சதுப்பு நிரம்பும், உள்ளான்கள் அளத்து வரப்புகளுக்கும் மேட்டுக்கும் சிதறும். ஊசிவால், தட்டைவாயன், நீலச்சிறகி என வாத்துகள் வரத்தொடங்கும். பூநாரை சேரும். புயல் வந்துபோன மாதத்துக் கணக்கைத் தனியாகக் குறித்துவையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா இந்தக் கரையேறியபோது மரமெல்லாம் சாய்ந்தது. அதற்கு முன்னும் பின்னுமான எண்களை ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் வற்ற வற்றச் சேறு வெளிப்படும், எண்ணுவதற்கு அதுதான் நல்ல காலம். மார்ச்சில் உள்ளான்கள் கொழுத்து நிறம் மாறும், ஏப்ரலில் கிளம்பும்.

மே, ஜூனில் நோட்டை மூடிவைக்காதீர்கள். முதல் வயதுப் பறவைகளில் பல வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். அந்தக் கணக்கு பெரும்பாலும் யாரிடமும் இருப்பதில்லை, ஏனென்றால் ஜூன் வெயிலில் கோடியக்கரைக்கு யாரும் வருவதில்லை.

கூட்டத்தை எண்ணுவது

நூறு வரை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேல் என்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து ஸ்கோப் வட்டத்துக்குள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, பத்துப் பத்தாக நகருங்கள். பெரிய கூட்டமானால் ஐம்பது, நூறு. இடமிருந்து வலம் எண்ணியதும் வலமிருந்து இடம் திரும்ப எண்ணுங்கள். இரண்டும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் மூன்றாவது முறை. கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கமாக இருக்காது. நடுவில் அடர்த்தி, ஓரத்தில் கலைந்திருக்கும். நடுவில் பிடித்த நூறை ஓரத்துக்கும் போட்டால் கணக்கு ஊதிவிடும். ஆனால் பொதுவாக மனிதக் கண் பெரிய கூட்டத்தைக் குறைத்துத்தான் எண்ணும். வீட்டில் பழகலாம். தட்டில் ஒரு பிடி கேழ்வரகை வீசி, ஐந்து விநாடி பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். என் பேத்தி இதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

பூநாரையில் கழுத்தை எண்ணாதீர்கள், பாதி தண்ணீருக்குள் இருக்கும். உடலை எண்ணுங்கள். ஆலாவும் கடற்காகமும் மணல் திட்டில் காற்றைப் பார்த்து நெருக்கியடித்து உட்காரும், பின்வரிசை தெரியவே தெரியாது. அதற்குக் காத்திருந்து, எழும்பும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்து, வீட்டில் படத்தின் மேல் புள்ளி வைத்து எண்ணுவதே சரி. காத்திருந்து என்றுதான் சொன்னேன். கல்லெறிந்து கிளப்புகிற புகைப்படக்காரர்களை இங்கே பார்த்திருக்கிறேன். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து கொழுப்புச் சேர்க்கிற பறவையை ஒரு படத்துக்காகக் கிளப்புகிறவரை அளத்துக்காரர்கள் திட்டினால் நான் குறுக்கே போவதில்லை.

கலந்த கூட்டம்தான் சிக்கல். ஈரச் சேற்றில் இரண்டாயிரம் சின்னப் பறவைகள் மேய்கின்றன என்று வையுங்கள். முதலில் இனம் பார்க்காமல் மொத்தத்தை எண்ணிவிடுங்கள். பிறகு கூட்டத்தின் பத்து இடங்களில் ஸ்கோப்பை நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் இருபது பறவைகளை இனம் பாருங்கள். இருநூறில் 120 கொசு உள்ளான், 60 வளைமூக்கு உள்ளான், 20 மணல் உப்புக்கொத்தி என்றால், மொத்தத்தில் 1,200, 600, 200. பக்கத்திலேயே "மதிப்பீடு" என்று எழுதிவிடுங்கள். அந்தப் பத்து இடங்களும் தண்ணீரோரம், நடு, காய்ந்த மேடு எல்லாவற்றிலும் பரவியிருக்க வேண்டும். உப்புக்கொத்தி காய்ந்த பக்கம் நிற்கும், உள்ளான் ஈரத்தில் நிற்கும். ஒரே பக்கம் பார்த்தால் ஓர் இனமே காணாமல் போய்விடும்.

இனம் பிரிக்க, நிறத்தைவிட நடத்தையைப் பாருங்கள். ஓடி, நின்று, ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் உப்புக்கொத்தி. தலை நிமிராமல் நடந்துகொண்டே குத்திக்கொண்டிருந்தால் உள்ளான். அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்து, பறக்கும்போது இடுப்பில் வெள்ளை தெரிந்தால் வளைமூக்கு. பறக்கும்போது சிறகின் பின்னோரம் அகலமாக வெள்ளை மின்னினால் பவளக்காலி. இனம் தெரியாதவற்றை "சிறிய கரைப்பறவை, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதில் வெட்கம் வேண்டாம். கணக்கெடுப்புப் படிவத்திலேயே அதற்கு இடம் உண்டு.

இருமுறை எண்ணுவதுதான் இன்னொரு தொல்லை. சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும். எந்த நேரம், எந்த இனம், ஏறக்குறைய எத்தனை, எந்தத் திசை என்று ஒரு வரி எழுதுங்கள். ஜனவரியில் பல குழுக்கள் பிரிந்து எண்ணும்போது, சிறுதலைக்காட்டுப் பக்கம் நிற்கிறவரும் முனைப் பக்கம் நிற்கிறவரும் அந்த வரிகளை மாலையில் ஒப்பிட்டால் ஒரே பூநாரைக் கூட்டம் இரண்டு பட்டியலில் ஏறியிருப்பது தெரிந்துவிடும். எந்த எண் சின்னதோ அதைச் சும்மா அடித்துவிடாதீர்கள். நேரத்தையும் திசையையும் பார்த்து முடிவெடுங்கள்.

கால் வளையம்

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவை ஆய்வாளர் சாலிம் அலி காலத்திலிருந்து இங்கே, எந்தப் பறவை எங்கே போய் வருகிறது என்று அறிய, பறவைகளின் காலில் எண் போட்ட வளையம் மாட்டி வந்திருக்கிறார்கள். பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார் சமூகத்தினர் பறவையை நோகாமல் பிடிக்கும் தங்கள் பரம்பரை வித்தையோடு அவர்களுக்கு உதவினார்கள். கோடியக்கரைக்கு முன்பு வந்த சின்ன உள்ளான் கூட்டங்கள் இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டன என்று ஆய்வாளர்கள் சொல்ல முடிவது அந்தப் பழைய பதிவுகள் இருப்பதால்தான். வளைமூக்கு உள்ளானை 2024இல், அழியும் ஆபத்தைக் கணிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக உயர்த்தினார்கள்.

வளையம் மாட்டுவது உரிமம் பெற்றவர் வேலை. வலையோ கண்ணியோ நாம் தொட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம் வேலை படிப்பது. உலோக வளையத்தின் எண் தூரத்திலிருந்து தெரியாது. காலில் நிறக்கொடி என்கிற சின்ன வண்ணப் பட்டை இருந்தால் தெரியும். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம், எழுத்தோ எண்ணோ உண்டா என்பதை அந்த வரிசையிலேயே எழுதுங்கள். வலது இடது என்பது பறவையின் வலது இடது. நம்மைப் பார்த்து நிற்கும் பறவையிடம் இதில்தான் குழப்பம் வரும். ஸ்கோப்பின் கண் பகுதியில் செல்போனை வைத்து ஒரு படம், தெளிவில்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். நிறம் மங்கியிருந்தால் "வெள்ளை அல்லது வெளிறிய மஞ்சள்" என்றே கழகத்துக்கு அனுப்புங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒரு நிறம் மாறினால் பறவை வேறு நாட்டுப் பறவையாகிவிடும். வளையம் பார்க்காத நாளில், எத்தனை பறவைகளின் காலைத் தேடினீர்கள் என்பதையும் எழுதலாம். ஆயிரம் காலில் ஒன்று என்பதும் நூறு காலில் ஒன்று என்பதும் வேறு வேறு சேதி.

செத்த பறவையின் காலில் வளையம் கிடந்தால் எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிட்டு அங்கிருந்து விலகிவிடுங்கள்.

பதிவு

அன்று மாலையே நோட்டைப் பிரதி எடுங்கள், மறுநாளானால் சொந்தக் கையெழுத்தே புரியாது. ஈபேர்ட் என்கிற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றும்போது தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பவற்றைத் தவறாமல் கொடுத்து, பார்த்த எல்லா இனத்தையும் சேர்த்த முழுப் பட்டியலாகப் போடுங்கள். எண்ணிக்கைக்குப் பதில், இருந்தது என்று மட்டும் சொல்லும் பெருக்கல் குறி போடுவதைத் தவிருங்கள். தண்ணீர் அளவு, டிகிரி, காற்று மூன்றையும் குறிப்புப் பெட்டியில் எழுதலாம். தமிழ்ப் பெயரிலேயே பறவைகளைத் தேட முடியும், அதனால் ஆங்கிலம் தயக்கமானவர்களும் சேரலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகளை இப்படித்தான் பழக்குகிறோம். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர் தேவைப்படுவார்கள், டிசம்பரிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

ராம்சார் விதிகளில் இரண்டு எண்கள் உங்கள் கணக்கோடு நேராகச் சேரும். ஓர் இடம் தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்கினாலோ, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் தொடர்ந்து அங்கே இருந்தாலோ அது உலக முக்கியத்துவம் வாய்ந்தது. ஆகவே பட்டியலில் மொத்தத்தை மட்டும் கூட்டிப் போடாமல், இனவாரியாக, இடவாரியாக, தேதியோடு வைத்திருங்கள். சதுப்பை ஒட்டி ஏதாவது திட்டம் வரும்போது அதிகாரிகள் கேட்பது அந்தத் தாளைத்தான். பக்கத்துப் பத்தியில் குச்சியின் சென்டிமீட்டர் இருந்தால், "அந்த வருஷம் பறவையே வரவில்லையே" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது காட்ட ஏதாவது இருக்கும்.